ஒரு சாண் பிலிம்

சித்தப்பா ஒரு படத்தை நல்ல படமென்று ஒப்புக்கொள்ள ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார். "வுழுந்தவன் நெசமா வுழுந்தானா?" கதை, வசனம், பாட்டு எல்லாம் அதற்கு அப்புறம். குதிரையிலிருந்தோ பாறையிலிருந்தோ ஓடுகிற வண்டியிலிருந்தோ ஒருவன் கீழே விழ வேண்டும். விழுந்த இடத்தில் புழுதி எழும்ப வேண்டும். அவன் எழுந்து மறுபடி ஓட வேண்டும். அப்படி ஒரு காட்சி வாய்த்துவிட்டால், இரண்டாம் ஆட்டம் முடிந்து பனியில் நடந்து வரும் இரண்டு மைலும் அதையே பேசிக்கொண்டு வருவார்.

செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். பாறைக் குன்றும் சப்பாத்திக்கள்ளியும் கடலைக் கொல்லையுமாக இருக்கும். பஸ் நிற்கும் இடத்தில் சித்தப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பா தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர். அண்ணன் தம்பி இருவருக்கும் சினிமா விஷயத்தில் ஒத்துப்போகாது. அப்பா வருஷத்துக்கு இரண்டு படம் பார்ப்பார். ஒன்று சாமி படம், இன்னொன்று சிவாஜி படம். இரண்டுக்கும் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போய், மின்விசிறி சுற்றும் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவோம். "அடிதடி படம் பாத்தா புத்தி மழுங்கிடும்" என்பார். அவரை மறுத்துப் பேசும் துணிவு வீட்டில் யாருக்கும் கிடையாது. அதனால் சித்தப்பாவும் நானும் பேசாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பக்கத்து ஊர் எல்லையில் இருந்தது சினிமாக் கொட்டாய். கீற்று வேய்ந்த கூரை, சுற்றிலும் தட்டி, நடுவில் இடுப்பளவு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட் முப்பது பைசா. மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. மேட்டைப் பின்னால் இருப்பவன் காலால் சரிப்பான், நாம் மறுபடி குவிப்போம். சாயங்காலம் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டு எங்கள் ஊர் வரைக்கும் கேட்கும். புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்யும். ஒரே புரொஜக்டர் என்பதால் படத்துக்கு மூன்று இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் கை முறுக்கும் கலர் சோடாவும் வரும்.

நான் சொல்வது 1977, 78ஆம் வருஷத்துக் கதை. எனக்குப் பதினோரு வயது. சென்னையில் ஓடி, ஜில்லா ஊர்களில் ஓடி, தாலுகா ஊர்களிலும் ஓடித் தேய்ந்த பிறகுதான் படப்பெட்டி எங்கள் கொட்டாய்க்கு வரும். அதற்குள் படம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். திரை முழுக்கக் கோடு கோடாய் மழை பெய்யும். அப்படித்தான் கர்ணனின் குதிரைப் படங்கள் எங்களுக்குக் கிடைத்தன. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர் கர்ணன். 'காலம் வெல்லும்' 1970இல் வந்தது. 'கங்கா'வும் 'ஜக்கம்மா'வும் 1972இல். 'எங்க பாட்டன் சொத்து' 1975இல். எல்லாவற்றிலும் ஜெய்சங்கர்தான் நாயகன். தொப்பி, இடுப்பில் தோட்டா வார், முழங்கால் வரைக்கும் பூட்ஸ். அமெரிக்காவின் மேற்குச் சீமை எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் வந்த பொட்டலும் பாறையும் முள்ளுக்காடும் எங்கள் ஊர்ப் பொட்டலும் பாறையும் போலவே இருந்தன. தொப்பி போட்டவன் எங்கள் குன்றுக்குப் பின்னாலிருந்து வரக்கூடும் என்று நான் முழுசாக நம்பினேன்.

தெலுங்கிலிருந்தும் வரும். கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கி கிருஷ்ணா நடித்த 1971ஆம் வருஷப் படம், தமிழ் பேசிக்கொண்டு 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' என்ற பெயரில் வந்தபோது கொட்டாயில் இடமில்லாமல் தட்டிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதே தாஸ் 1970இல் விஜயலலிதாவை வைத்து 'ரௌடி ராணி' எடுத்தவர். பெண் குதிரையேறித் துப்பாக்கி பிடிக்கும் படங்கள் வந்த அன்று மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. பகல் முழுக்கக் களையெடுத்துவிட்டு வந்த பெண்கள், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "வுடாத, குடு இன்னொண்ணு" என்று கத்துவார்கள்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் வேறு வகை. 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் கதைகள். கோட்டு, கார், ரகசிய அறை, சுவர் திறந்து வழிவிடுவது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படம் எடுத்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. நல்ல படங்கள்தான். ஆனால் சித்தப்பாவுக்கு அவை இரண்டாம் தரம். "கோட்டு கசங்காம சண்ட போடுறான்" என்பார். எனக்கும் குதிரைதான் பிடித்தது.

குறைந்த காசில் எடுத்த படம் என்பது பதினோரு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தரை டிக்கெட் சனங்கள் விவரம் தெரியாமல் ஏமாந்தார்கள் என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன். அது பொய். கொள்ளைக் கூட்டத்தில் இருபது பேர் துரத்தி வருவார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறே குதிரைதான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த குதிரை முதலில் வில்லனைச் சுமக்கும், அப்புறம் நாயகனைச் சுமக்கும். அதே பாறைத் திருப்பத்தை நான்கு முறை சுற்றி வருவார்கள். நடுராத்திரி என்று வசனம் சொல்லும், ஆனால் குதிரையின் நிழல் தரையில் கத்தியால் வெட்டியது போலக் கறுப்பாய் விழுந்திருக்கும். பகல் வெயிலில் எடுத்துவிட்டு இருட்டடித்துக் காட்டுவார்கள். இராத்திரி படமெடுக்க விளக்கும் ஜெனரேட்டரும் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். எங்கள் பக்கத்தில் மாடு மேய்ப்பவனுக்கு நிழலைப் பார்த்தே மணி சொல்லத் தெரியும். "மணி ரெண்டரை இருக்கும்டா" என்று இருட்டில் யாராவது சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுபடி படத்தில் மூழ்கிவிடுவார்கள்.

ஏனென்றால் அவர்கள் பார்க்க வந்தது வேறு. அந்தக் கூட்டத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் இருந்தார்கள், கல் உடைக்கிறவர்கள் இருந்தார்கள், புளி உலுக்க மரமேறுகிறவர்கள் இருந்தார்கள். உயரத்திலிருந்து விழுவது எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கையூன்றி விழுந்தால் மணிக்கட்டு போய்விடும், தோளைக் கொடுத்து உருள வேண்டும் என்பதும் தெரியும். திரையில் ஒருவன் பாறையிலிருந்து தோளைக் கொடுத்து உருண்டபோது அவர்கள் அடித்த விசில், ஒரு வேலைக்காரனுக்கு இன்னொரு வேலைக்காரன் கொடுத்த மரியாதை. கதை பொய், நிழல் பொய், இருபது குதிரையும் பொய். உருண்டது மட்டும் நிஜம். அந்த நிஜத்துக்காகத்தான் முப்பது பைசா.

கொட்டாய் ஆபரேட்டர் தினமும் சைக்கிளில் வருவார். பழைய பெட்டி என்றால் பிலிம் அடிக்கடி அறும். அறுந்த இடத்தில் நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் சுரண்டிப் பசை தடவி ஒட்டுவார். வெட்டிய துண்டுகளுக்குப் பையன்கள் அலைவார்கள். சித்தப்பா அவர் சைக்கிளுக்குக் காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டுவார் என்பதால் எனக்கு மட்டும் நீளமான துண்டாகக் கிடைக்கும். அப்படிக் கிடைத்ததுதான், அந்த வாரம் ஓடிய குதிரைப் படத்தின் ஒரு சாண் பிலிம். கறுப்பு வெள்ளை. எண்ணினேன், பதினோரு ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் என்று ஆபரேட்டர் சொல்லியிருந்தார். ஆக என் கையில் இருந்தது அரை வினாடிக்கும் குறைவான படம்.

பிலிம் பார்க்க எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. ஃப்யூஸ் போன குண்டு பல்பின் அடிப்பாகத்தைப் பக்குவமாகக் கழற்றி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுதான் லென்ஸ். செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு அதை நிறுத்தி, பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். வாசலில் ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்புவான். இருட்டு அறைச் சுவரில் கட்டிய வேட்டியில் படம் விழும். அன்றைக்கு நான் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். குதிரை முன்காலைத் தூக்குகிறது. சவாரி செய்பவன் சேணத்திலிருந்து விலகுகிறான். ஐந்தாவது ஃபிரேமில் அவன் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அது ஜெய்சங்கர் இல்லை.

நாற்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். காற்றில் டோப்பா பின்னால் நகர்ந்து நெற்றி வழுக்கை தெரிந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தார். இடது கை ஆகாயத்தைப் பார்த்து விரிந்திருந்தது. வெள்ளை வானத்தின் மேல் ஐந்து விரலும் துல்லியமாக விழுந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் பாதிதான் இருந்தது.

ஓடும்போது அந்த முகத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. கொட்டாயில் நானே கண்கொட்டாமல் பார்த்த காட்சி அது, எனக்கும் ஜெய்சங்கர்தான் தெரிந்தார். டூப் போடுகிறார்கள் என்று தெரியும். தெரிந்திருப்பது வேறு, அந்த ஆளின் முகத்தை எங்கள் வீட்டு வேட்டியில் பார்ப்பது வேறு. கடைக்கு ஓடிப்போய் சித்தப்பாவை இழுத்து வந்து காட்டினேன். அவர் வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். கண்ணாடி பிடித்திருந்தவன் கை வலிக்கிறது என்று வாசலிலிருந்து கத்தினான்.

"பாத்தியா, நெசமா வுழுந்திருக்கான்" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஆளு பேர எங்கயும் போட்டிருக்க மாட்டான்" என்றார்.

அடுத்த படத்திலிருந்து நான் எழுத்துப் போடும்போது கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். சண்டைப் பயிற்சி என்று மாஸ்டர் பெயர் ஒன்று வரும். விழுந்தவர்கள் பெயர் வராது.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை எழுதியதில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் கடலை நன்றாகப் பிடித்திருந்தது. பிடுங்க ஒரு வாரம் இருந்தது. மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும் என்பதால் சித்தப்பா இராத்திரியில் கொல்லைக் காவலுக்குப் போவார். லீவு நாளில் நானும் போர்வையோடு போவேன். அப்பா அதற்கு மட்டும் தடை சொல்ல மாட்டார். அன்றைக்குக் கொட்டாயில் 'கங்கா' கடைசி நாள். ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது. எனக்கு இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னிக்கி வாணாம்டா, கொல்லயப் பாக்கணும்" என்றார். நான் அழுதேன். அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு தகர டப்பாவில் கல்லைப் போட்டு, காற்றில் ஆடிச் சத்தம் போடும்படி வேலமரத்தில் கட்டிவிட்டு, அவர் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

திரும்பி வரும்போது மணி ஒன்றரை இருக்கும். நிலா வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு கொல்லை உழுது போட்டது போலக் கிடந்தது. செடியெல்லாம் வேர் மேலே வந்து புரண்டிருந்தது. பன்றி கடித்துத் துப்பிய கடலைத் தோல் காலில் மிதிபட்டது. டப்பா மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் அப்பா வந்து வரப்பில் நின்றார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. சித்தப்பா முன்னால் வந்து, "நான்தாண்ணா இட்டுகினு போனேன். புள்ள வரலன்னுதான் சொன்னான்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை, நான்தான் அழுது கூட்டிக்கொண்டு போனேன் என்ற ஒரே வார்த்தை, எனக்கு வரவில்லை.

பொங்கல் வரைக்கும் அப்பா சித்தப்பாவோடு பேசவில்லை. கடையில் எட்டு சைக்கிள் இருந்தன. அதில் இரண்டை விற்றுக் கடலைக்குப் பணம் கொண்டுவந்து வீட்டில் வைத்தார் சித்தப்பா. எனக்கு அந்தத் தீபாவளிக்குச் சட்டை எடுத்தார்கள். அதை எந்தப் பணத்தில் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடிதடிப் படம் பார்ப்பது குற்ற உணர்வோடு கூடிய இன்பம் என்று இப்போது சாதாரணமாகச் சொல்கிறார்கள். என் விஷயத்தில் அந்தக் குற்றத்துக்கு ஒரு கொல்லையின் பரப்பளவு உண்டு. இன்றைக்கும் திரையில் குளம்புச் சத்தம் கேட்டால் புரட்டிப் போட்ட மண்ணின் வாசனை எனக்கு வருகிறது. ஆனால் ஆசை போய்விடவில்லை. தை மாதம் மறுபடி கொட்டாய்க்குப் போனோம். விழுந்தவனைப் பார்த்து மறுபடி கை தட்டினேன். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

அந்தப் படங்களில் நான் மன்னிக்காதவை உண்டு. கொள்ளைக்காரன் குகையில் காரணமில்லாமல் வந்து போகும் ஆட்டம். அதைவிட, காட்டுவாசிகள் என்று இலையைக் கட்டிக்கொண்டு கூச்சலிட்டு வரும் கும்பல். ஜவ்வாது மலையிலிருந்து பலாவும் புளியும் சாமையும் கொண்டுவந்து சந்தையில் விற்றுவிட்டு, மலையாளிப் பழங்குடியினர் சிலர் முதல் ஆட்டம் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் அந்தக் கும்பல் வரும்போது அவர்கள் விசிலடித்ததில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அது போகட்டும் என்று காத்திருப்பார்கள். குதிரைச் சண்டை வந்த பிறகுதான் அவர்களுக்குக் குரல் வரும். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. இந்தப் படங்களை நேசிக்கிறவன் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1984இல் சென்னைக்குப் படிக்க வந்தேன். நண்பர்களோடு ஒரு திரைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன். சத்யஜித் ராயையும் குரோசாவாவையும் அங்கேதான் முதலில் பார்த்தேன். என் கண்ணைத் திறந்தவர்கள் அவர்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு மாலை செர்ஜியோ லியோனியின் 'ஏ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' போட்டார்கள். இத்தாலிக்காரர் இயக்கிய 1964ஆம் வருஷப் படம். மேற்குச் சீமைக் கதை, ஆனால் வெளிப்புறக் காட்சிகளில் ஒரு பகுதியை எடுத்தது ஸ்பெயினில் அல்மேரியா பக்கத்துப் பொட்டலில். செலவு ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர்தான். அதுவரை தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு 15,000 டாலர் சம்பளம். கதையோ குரோசாவாவின் 'யோஜிம்போ'வைத் தழுவியது. சிக்கனமாக எடுத்தது, இரவல் கதை, வேறு நாட்டுப் பொட்டல். திரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் கொட்டாயின் புழுதி அது.

படம் முடிந்து டீக்கடையில் பேச்சு நடந்தது. லியோனியின் வெளி, மௌனம், முகத்தின் அண்மைக் காட்சி என்று ஒவ்வொருவராகப் புகழ்ந்தார்கள். ஒரு நண்பர், "நம்ம ஊர்லயும் ஜெய்சங்கரை வெச்சு இப்படி எடுத்தாங்களாமே, மட்டமா" என்று சொல்லி என்னைப் பார்த்து, "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வரப்பில் நின்றபோது வராத அதே வார்த்தை மறுபடியும் வரவில்லை. அல்மேரியாப் பொட்டல் கலையாகவும் எங்கள் ஊர்ப் பொட்டல் மட்டமாகவும் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. லியோனி பெரிய கலைஞர், கர்ணனை அவருக்குச் சமமென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அல்மேரியாவில் குதிரையிலிருந்து விழுந்தவனுக்கும் இங்கே விழுந்தவனுக்கும் வலி ஒன்றுதான். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் புதுப்பேட்டை சித்ரா தியேட்டரில் பழைய ஜெய்சங்கர் படம் ஒன்றைத் தனியாகப் பார்த்தேன். அரங்கில் முப்பது பேர் இருந்திருப்போம். லாரி கிளீனர்கள், சந்தைக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். ஒருவர் மாடியிலிருந்து விழுந்து எழுந்தபோது முன்வரிசையிலிருந்து ஒற்றை விசில் எழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜெய்சங்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1965 பொங்கலுக்கு 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமானார். அதே நாளில் எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் வந்தது. அந்தப் போட்டியிலும் அவர் நிலைத்து நின்றார். அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவர் படம் வந்ததால் வெள்ளிக்கிழமை நாயகன் என்றே பெயரானது. கையில் சொற்பப் பணத்தோடு வந்த சின்னத் தயாரிப்பாளர்களுக்கு அவர்தான் கதி. பெரிய நடிகர்களின் தேதிக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் அவரை வைத்துப் படத்தை முடித்து வெளியிட்டுப் பிழைத்தார்கள். ஒரு படம் முடிந்தால் லைட் தூக்குகிறவரிலிருந்து குதிரைக்காரர் வரைக்கும் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மட்டம் என்ற சொல் அந்த அடுப்புகளுக்கு முன்னால் என் வாயில் வராது.

2000 ஜூன் 3ஆம் தேதி அவர் இறந்துபோனார். அன்றைக்கு சித்தப்பா கடையைச் சாத்தினார். சொந்த மாமனார் செத்த அன்றைக்கே மத்தியானம் கடையைத் திறந்தவர் அவர்.

பத்து வருஷம் கழித்து சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தார். அதில் வரும் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் படங்களை உள்ளார நேசித்த ஒருவரால்தான் அப்படிப் பெயர் வைக்க முடியும். சித்தப்பாவைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஊர்ப்பெயரைக் கேட்டதும் என் கையை அழுத்தினார். அந்தக் காலத்தில்தான் இன்னொரு புதுப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். நாயகன் அடித்தால் பத்துப் பேர் பறந்து போய் விழுந்தார்கள். "வுழலடா, எறக்கி வுடுறானுங்க" என்றார். கயிறு கட்டி எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கயிற்றை அழிக்கிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான், கைகால் போவாம இருக்கட்டும்" என்றார். நானும் கயிற்றின் பக்கம்தான். ஓர் இன்பத்துக்காக இன்னொருவன் விரலை இழக்க வேண்டியதில்லை. இழந்தவர்களின் பெயர் தெரியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அப்பா 1996இல் காலமானார். அந்த ராத்திரி யார் யாரை இழுத்துப்போனது என்று கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை. சித்தப்பா 2014இல் போனார். அவரிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. 'கங்கா' மட்டும் நினைவிருந்தது.

கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். படங்களில் சிலவற்றுக்கு நல்ல பிரதி கிடைப்பதே அரிது. கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி உண்டு. ஓடித் தேய்ந்த பெட்டிகளை எடைக்குப் போட்டு, உருக்கி வெள்ளி எடுத்தார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கறுப்பு வெள்ளை பிலிம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது. ஒரு பக்கம் பூசிய வெள்ளியை இன்னொரு பக்கம் சுரண்டினோம். பரணில் படப்பெட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். புனேயில் 1964இலிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து புளித்த காடி வாசனை வந்தால் பிலிம் சாக ஆரம்பித்துவிட்டது என்று பொருள், காலம் கடத்தக் கூடாது.

என் ஒரு சாண் பிலிமிலும் அந்த வாசனை வந்துவிட்டது. அம்மாவின் குங்கும டப்பாவில்தான் இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். ஓரம் சுருண்டுவிட்டது. ஐந்தாவது ஃபிரேம் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ 1970களில் குதிரைப் படங்களில் டூப் போட்டவரா? ஒல்லியான தேகமா? இடது கைச் சுண்டுவிரல் பாதிதானா? அப்படியென்றால் அவர் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள். பிலிம் உங்களுடையது, நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.